வரிக்குதிரைக் கழுத்தில் ஒரு ரேடியோ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏதாவது ஒரு யானைக்கு ரேடியோ காலர், அதாவது இருக்கும் இடத்தைச் சொல்லும் கழுத்துப்பட்டை, மாட்டினார்கள் என்று செய்தி வந்தாலே போதும், எலக்ட்ரானிக்ஸ் கொஞ்சம் தெரிந்தவன் என்ற ஒரே காரணத்துக்காக என்னிடம் கேள்விகள் வந்து குவியும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் இங்கே மொத்தமாக எழுதி வைக்கிறேன். பெரும்பாலும் கென்யாவின் வரிக்குதிரைகளை வைத்துத்தான் சொல்லப் போகிறேன். இந்தத் துறையின் முக்கியமான தலைவலிகள் எல்லாம் அந்த ஒரு கதைக்குள் அடங்கிவிடும்.

ஒரு ஜிபிஎஸ், ஒரு சிம் கார்டு, ஒரு பேட்டரி. இதில் ஆராய்ச்சி செய்ய என்ன இருக்கிறது?

இந்த மூன்றும் உங்கள் போனிலும் இருக்கின்றன. அதை மூன்று நாள் சார்ஜ் போடாமல் விட்டுப் பாருங்கள். காட்டில் சார்ஜ் போட ஆள் இல்லை, பல இடங்களில் டவரும் இல்லை, பேட்டரி தீர்ந்துபோனால் மாற்றுவதற்கு மறுபடி மயக்க ஊசி போட வேண்டும். மயக்க ஊசி என்பது விலங்குக்கும் ஆபத்து, கிட்டே போகிறவருக்கும் ஆபத்து, செலவும் அதிகம். அதனால் ஒருமுறை மாட்டினால் பல மாதங்கள், முடிந்தால் ஒரு வருடம், யாரும் தொடாமலே ஓட வேண்டும். மற்ற எல்லாச் சிக்கலும் இந்த நிபந்தனையிலிருந்து முளைப்பவைதான்.

ஜிபிஎஸ் வருவதற்கு முன்னால் எப்படிச் செய்தார்கள்?

காலர் வெறுமனே 'பீப், பீப்' என்று துடித்துக்கொண்டிருக்கும், மனிதன் ஆன்டெனாவைத் தூக்கிக்கொண்டு அந்தச் சத்தத்தின் பின்னால் அலைவான். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் யெல்லோஸ்டோனில் கிரெய்க்ஹெட் சகோதரர்கள் கிரிஸ்லி கரடிகளை இப்படித்தான் தொடர்ந்தார்கள். மின்சாரக் கணக்குப்படி பார்த்தால் இது அருமையான ஏற்பாடு. காலர் நொடிக்கு ஒரு சின்னத் துடிப்பை மட்டும் அனுப்புகிறது, எதையும் கேட்பதில்லை, எதையும் கணக்கிடுவதில்லை. மிச்சமிருக்கும் வேலை முழுவதும் மனிதனின் கால்களுக்கு. ஆனால் ஒரு விலங்கு இரவு முழுவதும் எங்கே போனது என்று தெரிய வேண்டுமானால் நீங்களும் இரவு முழுவதும் கூடவே போக வேண்டும்.

ஜீப்ராநெட் என்கிறார்களே, அது என்ன?

அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் கணினித் துறையைச் சேர்ந்த மார்கரெட் மார்ட்டனோசியின் குழுவும், வரிக்குதிரைகளைப் பல வருடங்களாக ஆராய்ந்துவந்த உயிரியலாளர் டேனியல் ரூபென்ஸ்டைனும் சேர்ந்து செய்த திட்டம். 2002இல் அதன் வடிவமைப்பைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். 2004 ஜனவரியில் மத்திய கென்யாவில், ம்பாலா ஆராய்ச்சி மையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்வீட்வாட்டர்ஸ் காப்பகத்தில், ஏழு காலர்களை நிஜ வரிக்குதிரைகளுக்கு மாட்டிப் பார்த்தார்கள். அந்த இடம் இப்போது ஓல் பெஜெட்டா காப்பகத்தின் பகுதி. வடக்கு வெள்ளைக் காண்டாமிருகத்தின் கடைசி ஆண் சூடான் 2018இல் இறந்ததே, அதே ஓல் பெஜெட்டாதான்.

ஏழுதானா என்று முகம் சுளிக்க வேண்டாம். சமவெளி வரிக்குதிரைகள் ஒரு ஆண், சில பெண்கள், குட்டிகள் என்று குடும்பமாகத்தான் திரியும், சுலபத்தில் பிரியாது. ஒன்றுக்கு மாட்டினால் குடும்பத்துக்கே மாட்டியதுபோல. கிரெவி வரிக்குதிரை என்று இன்னொரு இனம் உண்டு, அதில் இப்படி நிலையான குடும்பம் கிடையாது, அங்கே இந்தச் சலுகை இல்லை.

பெரிய பேட்டரியாக வைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது அல்லவா?

எடைதான் பிரச்சினை. விலங்கின் உடல் எடையில் 3 முதல் 5 சதவீதத்துக்கு மேல் காலர் இருக்கக் கூடாது என்பது இத்துறையில் பொதுவாகச் சொல்லும் வழக்கு. 250 கிலோ வரிக்குதிரைக்கு இந்தக் கணக்கில் பத்து கிலோகூடப் போடலாம்தான், ஆனால் சிங்கம் துரத்தும்போது கழுத்தில் பத்து கிலோவைக் கட்டிக்கொண்டு ஓடச் சொன்னால் அது சாவுக்கு அனுப்புவதற்குச் சமம். ஜீப்ராநெட் குழு தங்களுக்கு வைத்துக்கொண்ட வரம்பு 3 முதல் 5 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 1.4 முதல் 2.3 கிலோ. வௌவாலுக்குப் போனால் நிலைமை இன்னும் மோசம். ஜெர்மனியில் வௌவால்களின் முதுகில் ஒட்டுவதற்குச் செய்த கருவிகள் மொத்தமாகவே 2 கிராம்.

சரி, மின்சாரம் எங்கேதான் போகிறது?

இதுதான் உண்மையான கேள்வி, மற்றதெல்லாம் இதற்குச் சுற்றுவழி. கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

ஜீப்ராநெட் காலருக்குள் இருந்தது 2 ஆம்பியர்-மணி லித்தியம்-அயான் பேட்டரி. 3.7 வோல்ட் என்று வைத்தால் 7.4 வாட்-மணி, இன்றைய சாதாரண போன் பேட்டரியில் பாதிக்கும் குறைவு. அதன் மூளையாக இருந்தது எம்எஸ்பி430 என்ற சில்லு, 2 கிலோபைட் நினைவகம் கொண்டது. அது முழு வேகத்தில் ஓடினாலும் 20 மில்லிவாட் அளவுதான். ஆனால் அந்தக் கால ஜிபிஎஸ் விழித்திருந்தால் அரை வாட்டுக்கு மேல் தின்னும். ரேடியோ அனுப்பும்போது முக்கால் வாட்டுக்கும் கொஞ்சம் அதிகம், கேட்கும்போது அதில் பாதிக்கும் குறைவு. இப்போது வகுத்துப் பாருங்கள். ஜிபிஎஸ்ஸை மட்டும் ஓயாமல் ஓடவிட்டால் 13 மணி நேரத்தில் பேட்டரி காலி. ரேடியோ ஓயாமல் பேசினால் பத்து மணி நேரம்கூடத் தாங்காது.

அதனால் அவர்கள் என்ன செய்தார்கள்? ஜிபிஎஸ்ஸை 8 நிமிடத்துக்கு ஒருமுறை மட்டும் எழுப்பினார்கள். ரேடியோவை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 5 நிமிடம். ஒரு நாளில் 24 மணி நேரத்தில் ரேடியோ விழித்திருப்பது மொத்தம் ஒரே ஒரு மணி நேரம். ஒவ்வொரு தடவையும் இருப்பிடம் கண்டுபிடிக்க அரை நிமிடம் ஆகும் என்று தோராயமாக வைத்துப் போட்டுப் பார்த்தால் ஜிபிஎஸ்ஸுக்கு நாளொன்றுக்கு 0.85 வாட்-மணி, ரேடியோவுக்கு ஏறக்குறைய அரை வாட்-மணி. சூரியனே தலைகாட்டாவிட்டாலும் ஐந்து நாளுக்கு மேல் ஓடும்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. ரேடியோ பேசுவதால்தான் பேட்டரி தீர்கிறது என்று நினைக்கிறோம். சிக்னல் வருமா வருமா என்று காதைத் தீட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதும் செலவுதான், அதுவும் நாள் முழுக்க ஓடும் செலவு. ஒரு காலத்தில் சென்சார் வலையமைப்புகளில் (அளந்ததை ரேடியோவில் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும் குட்டிக் கருவிகளின் கூட்டம்) எங்கு பார்த்தாலும் இருந்த சிசி2420 என்ற ரேடியோ சில்லின் விவரத்தாளை எடுத்துப் பாருங்கள், அனுப்பும்போது 17.4 மில்லிஆம்பியர், கேட்கும்போது 18.8. பேசுவதைவிடக் கேட்பதற்குச் செலவு அதிகம்! 'கம்மியாகப் பேசும்' ரேடியோவை வாங்கி வைத்தால் மட்டும் போதாது, அது எவ்வளவு நேரம் தூங்குகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

எல்லாக் காலரும் தூங்கிக்கொண்டே இருந்தால் ஒன்றோடு ஒன்று எப்படிப் பேசும்?

நல்ல கேள்வி. நான் காலை ஆறு மணிக்கு எழுந்து கூப்பிடுகிறேன், நீங்கள் ஏழு மணிக்கு எழுகிறீர்கள் என்றால் நாம் பேசிக்கொள்ளவே மாட்டோம். சாதாரண சென்சார் வலையமைப்புகளில் கடிகாரங்களை ஒத்துப்போக வைக்கவே தனியாகச் செய்தி அனுப்புவார்கள், அதற்கும் மின்சாரம் போகும். வரிக்குதிரைக் காலரில் இந்தத் தொல்லை வரவில்லை. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களில் அணுக் கடிகாரம் இருக்கிறது, இருப்பிடம் கேட்கும்போதே நேரமும் துல்லியமாக வந்துவிடும். எப்படியும் ஜிபிஎஸ்ஸுக்குக் காசு கட்டியாகிவிட்டது, கடிகாரம் இலவசம். எல்லாக் காலரும் ஒரே நொடியில் எழுந்து, ஐந்து நிமிடம் பேசிவிட்டு, ஒரே நேரத்தில் படுத்துவிடும். இந்தத் திட்டத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

ஒரு வரிக்குதிரையின் தகவலை இன்னொன்று ஏன் சுமக்க வேண்டும்?

தூரம். திறந்தவெளியில் எட்டும் தூரத்தை இரட்டிப்பாக்க நான்கு மடங்கு சக்தி வேண்டும், தரையை ஒட்டி, புதரும் மேடும் இருக்கும் இடத்தில் அது பதினாறு மடங்கு வரைகூடப் போகும். காப்பகத்தின் மறுகோடியில் நிற்கும் வரிக்குதிரை நேராக ஆராய்ச்சியாளரிடம் பேச வேண்டுமென்றால் பேட்டரி கட்டுப்படியாகாது. அங்கே நிலையான டவர் எதுவும் கிடையாது, ஆராய்ச்சியாளர் எப்போதாவது ஜீப்பில் ஒரு சுற்று வருவார், அவ்வளவுதான்.

ஆகவே இப்படி யோசித்தார்கள். வரிக்குதிரைகள் தண்ணீர் குடிக்கவும் மேயவும் ஒன்றையொன்று சந்திக்கின்றன. சந்திக்கும்போது ஒன்றின் இருப்பிடக் குறிப்புகளை இன்னொன்றின் காலருக்கு நகலெடுத்துவிடலாம். அப்புறம் ஜீப் ஏதாவது ஒரு வரிக்குதிரைக்குப் பக்கத்தில் போனாலே போதும், பார்க்காத வரிக்குதிரைகளின் கதையும் சேர்ந்து கிடைக்கும். தபால்காரர் வராத ஊரில் சந்தைக்குப் போகிறவர் கையில் கடிதம் கொடுத்தனுப்புகிற மாதிரி.

யாரிடம் கொடுப்பது என்பதில்தான் சண்டை. எதிரே வரும் எல்லாரிடமும் நகல் கொடுப்பது ஒரு வழி, ஊர் வம்பு பரவுவதுபோலத் தகவல் எல்லாத் திசையிலும் பரவும், எப்படியும் ஜீப்புக்குப் போய்ச் சேரும், ஆனால் ஒரே செய்தி பத்துக் கழுத்தில் ஏறி மின்சாரத்தைத் தின்னும். இன்னொரு வழியில் ஒவ்வொரு காலரும் 'சமீபத்தில் நான் எத்தனை தடவை ஜீப்பைப் பார்த்தேன்' என்று மதிப்பெண் வைத்துக்கொள்ளும், சுற்றி நிற்பவர்களில் மதிப்பெண் அதிகமுள்ள ஒருவரிடம் மட்டும் மூட்டையை ஒப்படைக்கும். நேற்று ஜீப்பைப் பார்த்தது இன்றும் பார்க்கும் என்ற நம்பிக்கைதான். ரேடியோ நன்றாக எட்டும், காலர்களும் பல என்றால் இரண்டாவது வழியில் மின்சாரம் பல மடங்கு மிச்சம். காலர்கள் கொஞ்சம், சந்திப்புகள் அரிது என்றால் வம்பு பரப்புவதே மேல். எந்த நிலத்துக்கும் பொருந்தும் ஒரே சூத்திரம் இருக்கிறது என்று யாராவது சொன்னால் அவர் காட்டுக்குப் போனதில்லை என்று அர்த்தம்.

இன்னொரு சில்லறைத் தொல்லையும் உண்டு. ஜீப்பிடம் போய்ச் சேர்ந்துவிட்ட செய்தியின் நகல்கள் மற்றக் கழுத்துகளில் சும்மா உட்கார்ந்திருக்கும். 'இது போய்ச் சேர்ந்தாயிற்று, அழித்துவிடலாம்' என்ற பட்டியலையும் பரப்ப வேண்டும். அதற்கும் ரேடியோ ஓட வேண்டும்.

ஒரு வாரம் கழித்து வரும் தகவலால் யாருக்கு என்ன பயன்?

வரிக்குதிரை எப்படி இரவில் இடம் மாறுகிறது, எந்தக் குடும்பம் எதோடு சேர்கிறது என்று ஆராய்பவருக்கு ஒரு வாரம் ஒன்றும் பெரிதல்ல. தாமதமாக வரலாம், ஆனால் ஒன்றுகூடத் தொலையக் கூடாது என்பதுதான் அவர் கேட்டது. அந்தத் தாமதத்தை ஒத்துக்கொண்டதால்தான் இவ்வளவு மின்சாரம் மிச்சம் பிடிக்க முடிந்தது.

வயலுக்குள் இறங்கும் யானைக்கு இந்தப் பேச்சு செல்லாது. அதே ஓல் பெஜெட்டாவில் கிமானி என்று ஒரு ஆண் யானை பக்கத்துப் பண்ணைகளின் பயிரை மேய்ந்து பேர் வாங்கியது. சேவ் தி எலிஃபன்ட்ஸ் அமைப்பு அதன் காலரில் சிம் கார்டு வைத்து, வரைபடத்தில் போட்ட கோட்டைத் தாண்டினால் ரேஞ்சர்களுக்கு எஸ்எம்எஸ் போகும்படி செய்தது. டவர் எட்டும் இடம் என்பதால் அது நடந்தது. யானையின் கழுத்து பெரிய பேட்டரியைச் சுமக்கும் என்பதும் ஒரு காரணம்.

ஜிபிஎஸ்ஸைக் குறைவாகப் போட்டால் பேட்டரி அதிகம் நிற்கும், சரிதானே?

மொத்தக் கணக்கில் சரி, ஆனால் நேர் விகிதத்தில் அல்ல. செயற்கைக்கோள் தன் சொந்தப் பாதையைப் பற்றிய விவரத்தை 30 நொடிக்கு ஒருமுறை திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கும், அது சில மணி நேரத்துக்குத்தான் செல்லுபடி. அந்த விவரம் கையில் இருந்தால் இருப்பிடம் சில நொடியில் வந்துவிடும், இல்லையென்றால் முதலிலிருந்து கேட்டு முடிக்க அரை நிமிடத்துக்கு மேல். ஆகவே ஒரு நாளைக்கு இரண்டு தடவை எடுக்கும் காலர், ஒவ்வொரு தடவைக்கும் கொடுக்கும் விலை அதிகம். ஆமை மாதிரி ஒரு நொடி தலையை நீட்டிவிட்டு முழுகிவிடும் பிராணிகளுக்கு வேறு தந்திரம் வைத்திருக்கிறார்கள். சிக்னலை ஒரு நொடியில் சின்னத் துண்டாகப் பதிவு செய்துகொண்டு, கணக்கை அப்புறம் கரையில் இருக்கும் கணினியில் போடுவது.

இன்றைய காலர்களில் அசைவை உணரும் சென்சாரும் இருக்கிறது, அது மிகமிகக் கொஞ்சம் மின்சாரத்தில் ஓடும். விலங்கு படுத்துத் தூங்குகிறது என்று அது சொன்னால் ஜிபிஎஸ்ஸை எழுப்பவே வேண்டாம்.

சோலார்?

ஜீப்ராநெட்டில் இருந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் சிலவற்றின் மேல் வெயில் படும்படி காலரைச் சுற்றிச் சிறுசிறு தகடுகள். புல்வெளி விலங்குக்குச் சரி. சேற்றில் புரளும் யானைக்கும், அடர்ந்த சோலைக்காட்டுக்குள் பகல் முழுக்கப் படுத்திருக்கும் புலிக்கும் நான் சோலாரை நம்ப மாட்டேன். அங்கே சார்ஜ் செய்ய முடியாத, ஆனால் வருடக்கணக்கில் சும்மா இருந்தாலும் இறங்காத லித்தியம் தயோனைல் குளோரைடு பேட்டரிதான் உத்தமம்.

இப்போதுதான் லோரா வந்துவிட்டதே, இந்த முறைகள் எல்லாம் பழசுதானே?

லோரா என்பது கொஞ்ச மின்சாரத்தில் வெகு தூரம் எட்டும் ஒரு ரேடியோ முறை. அது நிறைய மாற்றிவிட்டது, உண்மைதான். உயரமான இடத்தில் செய்திகளை வாங்கும் கேட்வே ஒன்றை வைத்தால் பல கிலோமீட்டர் தூரத்துச் சின்னச் செய்தியையும் பிடித்துவிடும். ருவாண்டாவின் அகாகேரா தேசியப் பூங்காவில் 2017இல் பூங்கா முழுக்க அப்படி ஒரு வலையமைப்பை நிறுவினார்கள். அதில் சாதனம் பேசி முடித்த பிறகு மட்டும் கொஞ்ச நேரம் காது கொடுக்கும், மற்ற நேரம் தூக்கம். மேலே சொன்ன 'கேட்பதற்கான செலவு' அப்படியே ஒழிந்துவிடுகிறது.

ஆனால் தூரம் இலவசமாக வருவதில்லை. லோராவில் இன்னும் தூரம் எட்டுவதற்காக வேகத்தை ஒவ்வொரு படி குறைக்கும்போதும் அதே செய்தி காற்றில் நிற்கும் நேரம் ஏறக்குறைய இரட்டிக்கும். வேகமான படியில் சுமார் 50 மில்லிநொடியில் முடியும் சிறு செய்தி, கடைசிப் படியில் ஒரு நொடிக்கும் மேல். பள்ளத்தாக்குக்குள் இறங்கிய விலங்கு ஒவ்வொரு தடவையும் இருபது மடங்குக்கு மேல் செலவு செய்துதான் பேசும். மலைக்கு அந்தப்பக்கம் போய்விட்டால் அதுவும் இல்லை. அப்போது பழைய வரிக்குதிரை யோசனைதான் கைகொடுக்கும்: சேர்த்து வை, எட்டும்போது கொடு.

சாட்டிலைட்?

1978 முதல் ஆர்கோஸ் என்ற செயற்கைக்கோள் அமைப்பு இருக்கிறது, கடல் ஆமையும் பறவையும் அதில்தான் பேசின. எங்கிருந்தும் எட்டும், ஆனால் மேலே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தூரத்துக்கு அனுப்புவதால் செய்திக்கு மின்சாரமும் காசும் அதிகம். ஐகாரஸ் என்று ஜெர்மானிய ஆய்வாளர்கள் சர்வதேச விண்வெளி நிலையத்தில் 2018இல் ஆன்டெனா பொருத்தினார்கள், 2022இல் ரஷ்யாவுடனான ஒத்துழைப்பு முறிந்ததும் அது நின்றுபோனது. பேட்டரி தீர்ந்து அல்ல, உக்ரைன் போர் வந்து நின்றுபோன திட்டம்.

மண்ணுக்குள் வாழும் விலங்குகள்?

ஜிபிஎஸ் கிடையாது, ரேடியோவும் ஈர மண்ணில் செத்துவிடும். இங்கிலாந்தின் வைத்தம் காட்டில் பேட்ஜர் வளைகளின் மேலே தரையில் கம்பிச் சுருள்களைப் பதித்து, காந்தப் புலத்தை வைத்து அவை உள்ளே எங்கே இருக்கின்றன என்று கண்டுபிடித்தார்கள். மண் காந்தத்தைத் தடுக்காது.

நம் ஊர் யானைகளுக்கு ஏன் இதெல்லாம் சரியாக வேலை செய்வதில்லை?

வேலை செய்கிறது, நாம்தான் அதனிடம் வேறு ஒன்றை எதிர்பார்க்கிறோம். அரிக்கொம்பனை 2023 ஏப்ரல் இறுதியில் சின்னக்கானலில் பிடித்து, காலர் மாட்டி, பெரியாறு காட்டில் விட்டார்கள். மே மாதம் அது கம்பம் நகருக்குள்ளேயே வந்துவிட்டது, ஜூனில் மறுபடி பிடித்துக் களக்காடு முண்டந்துறைப் பக்கம் கொண்டுபோனார்கள். காலர் இருப்பிடத்தைச் சொல்லும், யானையின் காலைப் பிடித்து நிறுத்தாது. அடர்காடும் மலைச்சரிவும் வானத்தை மறைக்கும்போது சிக்னல் சில மணி நேரம் வராமல் போவதும் சகஜம், அதற்காக 'யானை மாயம்' என்று தலைப்புப் போட வேண்டியதில்லை.

வால்பாறையில் கிடைத்த பலனுக்குக் காலரே தேவைப்படவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் அங்கே யானை நிற்கும் இடத்தை எஸ்எம்எஸ் மூலம் தோட்டத் தொழிலாளர்களுக்குச் சொன்னது, செல்போனால் இயக்கும் சிவப்பு விளக்குகளையும் வைத்தது. பேட்டரி யானையின் கழுத்தில் இல்லை, மனிதனின் பாக்கெட்டில்.

இந்தச் சிக்னலைத் திருடி வேட்டைக்காரன் விலங்கைக் கண்டுபிடித்துவிட மாட்டானா?

பயம் நியாயமானது. 2013இல் மத்தியப் பிரதேசத்தின் பன்னா காப்பகப் புலி ஒன்றின் காலர் தகவல் வந்துசேரும் மின்னஞ்சல் கணக்கைத் திறக்க யாரோ முயன்றதாகச் செய்தி வந்தது. கவனியுங்கள், ரேடியோவை அல்ல, மின்னஞ்சலை. செய்தியை மறைகுறியாக்குவதற்கு ஆகும் மின்சாரம் இன்று பொருட்படுத்தத் தேவையில்லாத அளவு, அதைச் செய்யாததற்குப் பேட்டரியைக் காரணம் காட்டினால் நம்பாதீர்கள்.

நானே ஒன்று செய்து பார்க்கலாமா?

காட்டு விலங்குக்கு அல்ல. வனத்துறை அனுமதி இல்லாமல் தொட்டால் 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பாயும். வீட்டு மாட்டுக்கோ ஆட்டுக்கோ தாராளமாகச் செய்யலாம், இந்தியாவில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை குறைந்த சக்தியில் உரிமம் இல்லாமலே பயன்படுத்தலாம், லோரா பலகைகளும் மலிவாகவே கிடைக்கின்றன.

நான் முதலில் ஒரு ஆட்டுக்குக் கட்டியபோது நிரலை எவ்வளவு தூங்க வைத்தாலும் 2000 மில்லிஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றரை மாதம்கூட நிற்கவில்லை. நிரலைத் திருத்தித் திருத்தி ஒரு வாரம் போனது. கடைசியில் பார்த்தால், 'மின்சாரம் இருக்கிறது' என்று காட்டப் பலகையில் எரியும் அந்தக் குட்டிச் சிவப்பு எல்இடி, தனியாக 2 மில்லிஆம்பியர் குடித்துக்கொண்டிருந்தது. வாங்கியதும் முதல் வேலையாக அதைச் சால்டரிங் அயர்னால் பிடுங்கிவிடுங்கள்.